எதிரணியின் சுயவிமர்சனம்: எங்கே கேட்கும், ஏன் கேட்பதில்லை

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்ற வாக்குவாதம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒவ்வொரு தேர்தலின்போதும் புதிதாகத் தொடங்குகிறது. தி.மு.க. ஆதரவாளர்கள் 2008 பிப்ரவரியில் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டிய படத்தைப் பகிர்கிறார்கள். அ.தி.மு.க. ஆதரவாளர்கள் 2013 மே மாதத்தில் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்த படத்தைப் பகிர்கிறார்கள். பா.ம.க.வினர் அதற்கு முன்பு தாங்கள் எழுப்பிவந்த கோரிக்கையை நினைவூட்டுகிறார்கள். மூன்றுமே உண்மை. ஆனால் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியவுடன், அம்மாநிலத் தேர்தல் முடியட்டும் என்று சொல்லி 2008 ஏப்ரலில் கருணாநிதி பணியை ஒத்திவைத்ததைத் தி.மு.க.காரரின் பதிவில் காண முடியாது; ஜப்பானியக் கடனுதவிக்கான ஏற்பாடும் அடிக்கல்லும் முந்தைய ஆட்சியில் நடந்தவை என்பதை அ.தி.மு.க.காரரின் பதிவில் காண முடியாது. ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து, பல்லில் கறையும் மூட்டில் வலியுமாக வாழ்ந்த மக்களின் பிரச்சினை, கடைசியில் யாருடைய படம் முதலில் வரவேண்டும் என்ற சண்டையாகச் சுருங்கிப்போகிறது.

இந்தச் சண்டைக்கு நடுவே, எங்கள் தலைவர் அன்று ஒத்திவைத்திருக்கக் கூடாது என்று சொல்லும் தி.மு.க.காரரும், தொடங்கியவர்கள் அவர்கள்தான் என்று ஒப்புக்கொள்ளும் அ.தி.மு.க.காரரும் இல்லாமல் இல்லை. பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ கட்சிக்காரர்களோடு நேரில் பழகியவர்களுக்கு இது தெரியும். கரை வேட்டி கட்டியவரே தன் ஒன்றியச் செயலாளரின் போக்கைப் பற்றி மனம் விட்டுப் பேசுவார். அதே மனிதர் இணையத்தில் எழுதும்போது அந்தக் குரல் எங்கோ மறைந்துவிடுகிறது. அது ஏன் மறைகிறது, மறைந்த குரலை எங்கே தேடிக் கண்டடையலாம் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். காரணங்கள் பல இருந்தாலும், ஒன்றைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம் என்று கருதுகிறேன். ஒருவர் தன் கட்சியை விமர்சிப்பதற்குக் கொடுக்கவேண்டிய விலையை அவருடைய கட்சி மட்டும் தீர்மானிப்பதில்லை. அவரை எதிர்க்கும் நாமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறோம்.

முதலில் எளிதில் விளங்கும் காரணத்தைப் பார்த்துவிடலாம். சமூக ஊடகத்தில் எழுதுபவர்கள் மிகச் சிலர். படிப்பவர்கள் மிகப் பலர். அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டு ட்விட்டர் பயனாளர்களில் அதிகம் எழுதும் 10 விழுக்காட்டினரே மொத்தப் பதிவுகளில் 80 விழுக்காட்டை எழுதினார்கள். அப்படி எழுதப்படுவனவற்றிலும் எது பரவும் என்பதற்கு ஒரு போக்கு இருக்கிறது. ஒழுக்கமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு சொல்லும் ஒரு பதிவு பகிரப்படும் வாய்ப்பை ஏறக்குறைய 20 விழுக்காடு கூட்டுகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. எதிரணியைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லும் அந்த வாய்ப்பை 67 விழுக்காடு கூட்டுகிறது என்று 2021இல் வேறொரு ஆய்வு காட்டியது. பேஸ்புக் நிறுவனம் சில ஆண்டுகள் கோபக் குறியீட்டுக்கு விருப்பக் குறியீட்டைப்போல் 5 மடங்கு மதிப்பளித்து, கோபமூட்டும் பதிவுகளை மேலே தூக்கிக் காட்டியதும், 2020இல் அந்த மதிப்பைச் சுழியமாக்கியதும் பின்னர் வெளிவந்த அதன் உள் ஆவணங்களிலிருந்து தெரியவந்தன. இத்தகைய அமைப்பில், இந்த விஷயத்தில் எங்கள் தரப்பிலும் பிழை உண்டு என்று தொடங்கும் ஒரு பதிவு, எழுதிய இடத்திலேயே தங்கிவிடுவதில் வியப்பில்லை.

இதன் விளைவாக எதிரணியைப் பற்றி நாம் கொள்ளும் சித்திரமே கோணலாகிவிடுகிறது. அமெரிக்காவில் 2019இல் நடந்த ஓர் ஆய்வில், இரு பெரிய கட்சிகளின் ஆதரவாளர்களும் எதிர்த்தரப்பில் தீவிரக் கருத்துடையவர்களின் விகிதத்தை உண்மையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக மதிப்பிட்டார்கள். அரசியல் செய்திகளை அதிகம் பின்தொடர்பவர்களிடம் இந்தப் பிழை கூடுதலாக இருந்தது. அப்படியானால் எதிரணியினர் எழுதுவதைப் படித்தால் தெளிவு பிறக்குமே என்று தோன்றலாம். டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பெய்ல் தலைமையிலான குழு இதையே சோதித்துப் பார்த்தது. எதிர்த்தரப்புத் தலைவர்கள், ஊடகங்கள், அமைப்புகள் ஆகியவற்றின் பதிவுகளை ஒரு மாதம் தொடர்ந்து படிக்கும்படி பயனாளர்களுக்குப் பணம் கொடுத்தது. 2018இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது: குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் தங்கள் நிலைப்பாட்டில் முன்னைவிட இறுகிப்போயிருந்தார்கள். எதிரணியின் முழக்கத்தைக் கேட்பதும் எதிரணியின் மனத்தைக் கேட்பதும் வேறு வேறு செயல்கள் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். தி.மு.க.வைப் புரிந்துகொள்ள விரும்பும் பா.ஜ.க. ஆதரவாளர் அக்கட்சியின் தகவல் தொழில்நுட்ப அணியின் பதிவுகளைப் பின்தொடர்ந்தால், அவருக்குக் கிடைப்பது தி.மு.க.வைப் பற்றி அவர் ஏற்கெனவே வைத்திருந்த எண்ணத்தின் உறுதிப்பாடு மட்டுமே. மறுபக்கமும் அப்படித்தான்.

நம் ஊர்க் கட்சிகளின் அமைப்பும் இதற்குத் துணைசெய்கிறது. 1985இல் கொண்டுவரப்பட்ட கட்சித்தாவல் தடைச் சட்டம், கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியையே பறிக்கக்கூடியது. வாக்கு அடங்கிய இடத்தில் பேச்சும் மெல்ல அடங்கிவிட்டது. கிளை, ஒன்றியம், மாவட்டம் என்று அடுக்கடுக்காக அமைந்த வாட்ஸ்அப் குழுக்களில், தலைமையிலிருந்து வரும் படமும் வாசகமும் அப்படியே கீழிறங்குகின்றன. அந்தக் குழுவில் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, நீக்கம்தான் வரும் என்பதை உறுப்பினர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். உள்ளாட்சித் தேர்தலில் வாய்ப்பு, ஒப்பந்தப் பணி, மாவட்டப் பொறுப்பு என்று ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருப்பவர் வாய் திறக்கமாட்டார். எனவே தருமபுரியின் ஏதோ ஒரு கட்சி ஆதரவாளரின் பக்கத்தில் சுயவிமர்சனமே இல்லை என்பதைக் கொண்டு, அவருக்குள் அது இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம்.

சுயவிமர்சனம்போலத் தோன்றி, உண்மையில் வேறொன்றாக இருப்பவற்றையும் பிரித்தறிய வேண்டும். பா.ம.க.வில் 2024 டிசம்பர் 28 அன்று நடந்த பொதுக்குழு மேடையிலேயே மருத்துவர் ராமதாசுக்கும் அன்புமணிக்கும் இடையே வெளிப்பட்ட கருத்து வேறுபாடு, அடுத்த ஆண்டு கட்சியையே இரு முகாம்களாகப் பிரித்தது. அந்த மாதங்களில் ஒரு முகாமைச் சேர்ந்தவர்கள் மறு முகாமைப் பற்றி இணையத்தில் எழுதியவை கடுமையானவை. அதைப் படித்த மாற்றுக் கட்சியினர் பலர், கடைசியில் அவர்களே உண்மையைப் பேசுகிறார்கள் என்று மகிழ்ந்தார்கள். ஆனால் ஓர் அணி மற்றோர் அணியை ஏசுவதில் தன்னைப் பற்றிய கேள்வி எதுவும் இல்லை. இரு முகாம்களும் சேர்ந்து எடுத்த பழைய முடிவுகளில் எது தவறு என்று யாரேனும் கேட்டிருந்தால், அதுதான் கவனிக்கத்தக்கது. கட்சி மாறியவர் பழைய கட்சியைப் பற்றிச் சொல்வதும் இத்தகையதே. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதைச் சொன்னதால் அவர் எதையும் இழக்கவில்லை. எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவரிடமிருந்தும் நமக்கு விவரம் எதுவும் கிடைக்காது.

நான் தேடச் சொல்லும் குரலுக்கு ஓர் அடையாளம் உண்டு. அவர் தன் தரப்பிலேயே நிற்கிறார், அடுத்த தேர்தலிலும் அதே சின்னத்துக்கே வாக்களிப்பார், ஆயினும் ஒரு குறிப்பிட்ட செயலைக் குறிப்பிட்டு, இது தவறு என்று தன் தரப்பினரிடமே சொல்கிறார். இதைக் கண்டறியப் பெரிய தேசியப் பிரச்சினைகளைவிட, நமக்கு நேரடியாக விவரம் தெரிந்த உள்ளூர்ப் பிரச்சினைகளே உதவும். காஷ்மீரைப் பற்றி ஒருவர் சொல்வதில் எது மறைக்கப்பட்டிருக்கிறது என்று அரூரில் இருப்பவருக்குத் தெரியாது. அரூர் வழியாக வரவிருந்த சாலையைப் பற்றிச் சொல்வதில் எது மறைக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் சாலையையே எடுத்துக்கொள்வோம். 2018இல் அறிவிக்கப்பட்ட சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை 277 கி.மீ. நீளம் கொண்டது, கிருஷ்ணகிரி, தருமபுரி உட்பட ஐந்து மாவட்டங்களின் விளைநிலங்களைத் தொட்டது. எடப்பாடி பழனிசாமியின் அரசு அதை முழுமூச்சாக ஆதரித்தது. தி.மு.க. எதிர்த்தது. அன்புமணி ராமதாஸ் நீதிமன்றம் சென்றார். 2019 பிப்ரவரியில் பா.ம.க. அதே அ.தி.மு.க.வோடும் பா.ஜ.க.வோடும் கூட்டணி அமைத்தது. ஏப்ரல் 8 அன்று, வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு, நிலம் கையகப்படுத்தும் நடவடிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, நிலம் எடுப்பதற்கு வழிவிட்டது. 2021இல் ஆட்சி மாறிய பிறகு, எதிர்க்கட்சியாக இருந்தபோது தி.மு.க. எழுப்பிய எதிர்ப்பின் சுருதி குறைந்தது.

இந்த ஒரு வரலாற்றில் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் ஒரு சங்கடமான இடம் இருக்கிறது. அ.தி.மு.க. ஆதரவாளருக்கு, நிலம் கொடுக்க மறுத்த விவசாயிகள்மீதும் அவர்களுக்காகப் பேசியவர்கள்மீதும் காவல் துறை நடந்துகொண்ட விதம். பா.ம.க. ஆதரவாளருக்கு, வழக்குத் தொடுத்துக்கொண்டே திட்டத்தைக் கொண்டுவந்தவர்களோடு மேடை ஏறியது. தி.மு.க. ஆதரவாளருக்கு, ஆட்சிக்கு வந்தபின் வந்த மாற்றம். சாலையே வேண்டாம் என்று சொன்ன சிலருக்கு, சேலத்திலிருந்து சென்னைக்குப் போக்குவரத்து நெருக்கடி உண்மையிலேயே இருக்கிறது என்பது. தன் சங்கடமான இடத்தைத் தாண்டிச் செல்லாமல் அங்கே ஒரு கணம் நின்று எழுதுபவர் யாரோ, அவருடைய பிற பதிவுகளையும் நம்பிப் படிக்கலாம் என்பது என் அனுபவம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் நிலம் அளக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த கட்சிக்காரர்களிடம் இந்த நேர்மையை அதிகம் காணலாம். தன் நிலத்தில் அளவுக்கல் நடப்பட்டவருக்குக் கட்சியின் பதில் போதவில்லை என்பதே அதற்குக் காரணம்.

இதிலிருந்து ஒரு பொதுப் போக்கும் தெரிகிறது. சுயவிமர்சனம் வெறும் மனசாட்சியிலிருந்து மட்டும் பிறப்பதில்லை; கட்சி அடையாளத்தோடு வேறோர் அடையாளமும் சேர்ந்திருக்கும் மனிதரிடமே அது பெரும்பாலும் பிறக்கிறது. விவசாயியாகவும் கட்சிக்காரராகவும் இருப்பவர், தொழிற்சங்கத்தவராகவும் கட்சிக்காரராகவும் இருப்பவர், ஆசிரியராகவும் கட்சிக்காரராகவும் இருப்பவர் ஆகியோருக்கு நிற்பதற்கு இன்னொரு தரை இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஒசூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் முறையில் உழைப்பவர்களுக்கு அது ஏட்டுச் சட்டமாக இருக்கவில்லை. மூன்று நாளில் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாளில், ஆளும் தரப்பை ஆதரிக்கும் தொழிலாளர்கள் பலர் வெளிப்படையாகவே எழுதினார்கள். ஆளும் தரப்புக்குள்ளிருந்து எழுந்த குரலுக்குப் பலன் கிடைக்கும் என்பதற்கு அண்மைக் காலத்தில் இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை. பெட்டிச் செய்தியாகக்கூட நினைவுகூரப்படாமல் அது கடந்துபோனது வருத்தத்துக்குரியது.

அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று வேறொரு நிகழ்வு. தருமபுரித் தொகுதியின் அன்றைய தி.மு.க. மக்களவை உறுப்பினர் செந்தில்குமார், அவையில் பேசும்போது இந்தி பேசும் மாநிலங்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். கூட்டணிக் கட்சியான காங்கிரசின் கார்த்தி சிதம்பரம் உடனே அதைக் கண்டித்து, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதினார். தி.மு.க.வின் மக்களவைக் குழுத் தலைவர் டி.ஆர். பாலு அது முறையற்றது என்று அவையிலேயே சொன்னார். மறுநாள் செந்தில்குமார் தம் சொல்லைத் திரும்பப் பெற்று வருத்தம் தெரிவித்தார். ஒரு கட்சியும் அதன் தோழமைக் கட்சியும் இதைவிட விரைவாகத் திருத்திக்கொள்ள முடியாது. ஆனால் அந்தச் சொல்லை நாடெங்கும் பரப்பியவர்களில் பலர், அடுத்த நாள் வந்த வருத்தத்தைப் பரப்பவில்லை. இந்த மாவட்டத்திலேயே தி.மு.க.வை எதிர்ப்பவர்கள் அந்தக் காணொலியை இன்றும் எடுத்துப் போடுகிறார்கள், அது திரும்பப் பெறப்பட்டது என்ற ஒரு வரியைச் சேர்ப்பதில்லை. திருத்திக்கொண்டவருக்கும் திருத்திக்கொள்ளாதவருக்கும் ஒரே தண்டனை என்றால், அடுத்த முறை திருத்திக்கொள்ள என்ன தூண்டுதல் மிஞ்சும்?

மாற்றுக் கட்சி ஆதரவாளர் ஒருவர், பள்ளிக் கட்டடம் இடிந்ததில் எங்கள் ஆட்சிக்குப் பொறுப்பு உண்டு என்று எழுதுகிறார் என்று கொள்வோம். சில நிமிடங்களில் அதன் திரைப்பிடிப்பு எதிரணியின் குழுக்களில் சுற்றத் தொடங்குகிறது. இவர்கள் ஆளே ஒப்புக்கொண்டார் என்ற தலைப்பு அதற்குச் சூட்டப்படுகிறது. அவர் எழுதியதன் இரண்டாம் பகுதி, அதாவது இதைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்ற பகுதி, வெட்டப்படுகிறது. மாலைக்குள் அவருடைய சொந்தக் கட்சியினர், எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்துவிட்டாய் என்று அவரைத் திட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் அது உண்மையிலேயே ஆயுதமாக்கப்பட்டுவிட்டது. ஓர் இனத்தை, ஓர் அணியைப் பற்றிய குறையை வெளியாள் சொன்னால் மனிதர்கள் ஏற்பதில்லை, உள்ளாள் சொன்னால் பெரிதும் ஏற்கிறார்கள் என்பதை உளவியலாளர் மேத்யூ ஹார்ன்சியும் அவருடைய குழுவினரும் 2002 முதல் தொடர்ச்சியான சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். அந்த ஏற்புக்கு அடிப்படை, சொல்பவர் தங்கள் அணியின் நன்மையைக் கருதியே சொல்கிறார் என்ற நம்பிக்கை. எதிரணி அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு ஆர்ப்பரிக்கும்போது உடைவது அந்த நம்பிக்கைதான். அவரை மௌனமாக்கிய பிறகு, உங்கள் கட்சியில் சுயவிமர்சனமே இல்லையே என்று நாமே கேட்கிறோம்.

இந்த விலையைப் பற்றிப் பேசும்போது ஒசூருக்கு அருகில் உள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய கொள்கைகள் பலவற்றை நான் ஏற்பவன் அல்லன். 1937இல் சென்னை மாகாணப் பிரதமராக வந்து பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கியவர் அவர். 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பால் அடுத்த ஆண்டு பதவி விலகியவரும் அவர். ஆனால் 1942இல், காங்கிரஸ் முழுவதும் ஒரு திசையில் சென்றபோது, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுப் பேச வேண்டும் என்று தம் கட்சிக்கு எதிராகவே வாதாடினார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தோடும் உடன்படவில்லை. அதற்கு விலையாகக் காங்கிரசிலிருந்து விலக நேர்ந்தது. 1944இல் அவருடைய திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு காந்தி ஜின்னாவோடு பேசினார், ஜின்னா அதை ஏற்கவில்லை. தம் பக்கத்தில் துரோகி என்று பெயர், எதிர்ப்பக்கத்தில் போதாது என்ற பதில். 1950களின் பிற்பகுதியில் அவர், தாம் முன்பு கட்டாயமாக்கிய இந்தியையே ஒரே ஆட்சிமொழியாக்கக் கூடாது என்று வலுவாக வாதிட்டார். அப்போது எதிர்த்தரப்பு நடந்துகொண்ட விதம் முன்னதற்கு மாறானது. 1938இல் அவரை எதிர்த்துச் சிறை சென்ற இயக்கத்தின் வழிவந்தவர்கள், பழைய கணக்கைத் திறந்துவைத்தபடியே அவருடைய புதிய வாதத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். 1967இல் அண்ணாவோடு அவர் கூட்டணி அமைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பல பத்தாண்டுகள் அவரைக் கொள்கையில் எதிர்த்த பெரியார், 1972 டிசம்பரில் அவருடைய இறுதிச் சடங்கில் கண்ணீர் விட்டார். மாறிய ஒருவரை எதிரணி எப்படி வரவேற்கிறது என்பதைப் பொறுத்தே அந்த மாற்றத்துக்கு அரசியலில் பயன் விளைகிறது என்பதற்கு இவ்விரு காலங்களும் சான்று.

இணையத்தில் தேடுபவர்கள் மறக்கக்கூடாத ஓர் எல்லை உண்டு. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை முன்வைத்து நடந்த அந்த வன்முறை பற்றி இன்றுவரை இணையத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் இரு தரப்பின் குற்றச்சாட்டுகளே. தாக்கியவர்களின் சாதியில் பிறந்து, அது பெருங்குற்றம் என்று கருதுபவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் வெளிப்படையாக எழுதினால், கேலிப் படத்தோடு முடிந்துவிடாது. பெண் கொடுப்பது, பெண் எடுப்பது, ஊர்த் திருவிழாவில் மரியாதை என்று வாழ்க்கை முழுவதையும் அது தொடும். எனவே அந்தக் குரலை இணையத்தில் தேடிக் காணாமல், ஒரு சாதி முழுவதும் உடன்பட்டிருந்தது என்று எழுதுவது பிழை. அதற்காக அந்த மௌனத்தை நியாயப்படுத்தவும் முடியாது. வீடிழந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் கிடைத்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வாச்சாத்தி இதைவிட நீண்ட சோதனை. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி அரூர் வட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஊழியர்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. அன்றைய அ.தி.மு.க. அரசு குற்றச்சாட்டுகளை மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வாச்சாத்தி பற்றிப் பேசும் அ.தி.மு.க. ஆதரவாளர், எங்கள் அரசு அன்று பொய் சொன்னது என்று சொல்ல முடிகிறதா? தி.மு.க. ஆதரவாளர், வழக்கு இழுத்தடிக்கப்பட்ட அந்த 19 ஆண்டுகளில் எங்கள் ஆட்சிக் காலமும் அடங்கும் என்று சொல்ல முடிகிறதா? எந்தத் தரப்பு ஆளைப் படிக்கலாம் என்று இந்த மாவட்டத்து இளைஞர் யாரேனும் கேட்டால், இந்த இரு கேள்விகளுக்கும் அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள் என்றே நான் சொல்வேன்.

ஒசூர்ப் பகுதிக்கு இன்னொரு வசதி இருக்கிறது. அங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. 2016 செப்டம்பரில் காவிரி நீர் குறித்த உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டிப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டபோது, அதைக் கண்டித்து எழுதிய கன்னடர்களும் இருந்தார்கள். அவர்கள் தம் மக்களிடம் தம் மொழியில் எழுதினார்கள். கன்னடம் படிக்கத் தெரியாத தமிழர்களுக்கு எட்டியது எரிந்த பேருந்தின் படம் மட்டுமே. சுயவிமர்சனம் இயல்பாகவே உள்வீட்டு மொழியில்தான் நிகழும், நமக்காக மொழிபெயர்க்கப்பட்டு வராது. மேகதாது அணை பற்றிய விவாதத்தில் ஒசூர்க்காரர்கள் இரு பக்கத்தையும் மூலத்திலேயே படித்து மற்றவர்களுக்குச் சொல்ல முடியும். அந்தத் திறனை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

தேடும் இடங்களைப் பற்றிச் சுருக்கமாக: தேர்தல் இல்லாத மாதங்களில் எழுதப்பட்டவை, நீண்ட பேட்டிகளின் பிற்பகுதி, தொழிற்சங்க, விவசாயச் சங்கப் பக்கங்கள், அதிகம் பகிரப்படாத பதிவுகளுக்குக் கீழே அதே கட்சிக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதும் மறுமொழிகள் ஆகியவற்றில் இக்குரல்கள் கிடைக்கும். எக்ஸ் தளத்தில், பதிவுகளுக்குக் கீழே பயனாளர்களே விளக்கம் சேர்க்கும் சமூகக் குறிப்புகள் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தன. வழக்கமாக மாறுபட்டு மதிப்பிடும் பயனாளர்கள் இரு பக்கத்திலிருந்தும் பயனுள்ளது என்று ஏற்ற குறிப்பை மட்டுமே அவை காட்டுகின்றன. தைவானில் 2015இல் ஊபர் குறித்த பொது விவாதத்துக்குப் பயன்படுத்தப்பட்ட போலிஸ் (Pol.is) என்ற மென்பொருளில், பதில் எழுதும் வசதியே வைக்கப்படவில்லை. ஒருவர் எழுதிய கருத்தை மற்றவர் ஏற்கவோ மறுக்கவோ கடந்துசெல்லவோ மட்டும் முடியும், இரு முகாமும் உடன்படும் கருத்து மேலே வரும். இத்தகைய வடிவமைப்புகள் பயனுள்ளவையே என்றாலும், தன் கட்சிக்கு எதிராக ஒருவர் எழுதிய ஒரு வரியைக் கண்டதும் நாம் என்ன செய்கிறோம் என்பதை எந்த மென்பொருளும் மாற்றாது. திரைப்பிடிப்பு எடுக்காமல் இருக்கலாம். முழுப் பதிவையும் பகிரலாம். அதே பொருளில் நம் தரப்பின் குறை ஒன்றையும் பக்கத்தில் வைத்து எழுதலாம். இந்தக் கடைசிச் செயல் எவ்வளவு கடினம் என்பது எழுத உட்காரும்போதுதான் தெரியும்.

இப்போது நம் கண்முன் நடந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தில் இதைச் செய்துபார்க்க வாய்ப்பிருக்கிறது. 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஒசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தம், அதிலிருந்து 150 கி.மீ. சுற்றளவுக்குள் புதிய நிலையம் அமைவதை 2033 வரை தடுக்கிறது. இந்தத் தடையை மறைக்காமல் சொல்லி, நிலம் தரப்போகும் விவசாயிகளுக்கான பதிலையும் தன் அரசிடமே கேட்கும் தி.மு.க. ஆதரவாளர் யார், ஒன்றிய அரசின் ஒத்துழைப்பு இல்லாமல் எந்த மாநிலமும் இதைச் செய்ய முடியாது என்பதைத் தன் கட்சியிடம் எடுத்துச் சொல்லும் பா.ஜ.க. ஆதரவாளர் யார், தன் ஆட்சிக் காலத்தில் இதற்கு என்ன செய்யப்பட்டது என்று திரும்பிப் பார்க்கும் அ.தி.மு.க. ஆதரவாளர் யார், தென் பெங்களூருவாசிகளுக்கும் இது பயன்படும் என்று தன் ஊராரிடம் வாதிடும் கன்னடர் யார் என்று இப்போதே கவனித்துக் குறித்துவைத்துக்கொள்ளலாம். நிலம் எடுப்பதற்கான அறிவிக்கை வெளிவரும் நாளில், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் நமக்கு விவரம் சொல்லக்கூடியவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.